ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் உண்டு, உயிரைக் காப்பவருக்கு?

108 மருத்துவ உதவியாளர்கள் பதிவில் குழப்பம்: தற்காலிக அனுமதி மட்டும் போதுமா?

சென்னை:-

ஆம்புலன்சு வண்டியின் முன்சீட்டில் ஸ்டியரிங் பிடித்திருப்பவரிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது. பேட்ஜ் இருக்கிறது. எந்தத் தேதியோடு காலாவதி ஆகிறது என்று லைசென்சிலேயே போட்டிருக்கிறது. போலீசார் கேட்டால் எடுத்து நீட்டலாம்.

பின்பக்கம் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன இருக்கிறது? சீருடை இருக்கிறது. நிறுவனம் கொடுத்த அடையாள அட்டை இருக்கிறது. "இவர் இந்த வேலைக்குத் தகுதியானவர்" என்று சட்டப்படி எழுதி வைத்த பதிவு இருக்கிறதா? அங்கேதான் சிக்கல்.

இதற்கென்று 2021-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே வண்டியில் ஏறிவிட்ட ஆயிரக்கணக்கான ஊழியர்களை என்ன செய்வது? தற்காலிக அனுமதி கொடுப்பதா, பரீட்சை வைப்பதா, "படிப்பு போதாது" என்று வீட்டுக்கு அனுப்புவதா? இதில் ஊழியர்களின் பிழைப்பும் இருக்கிறது. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரின் உயிரும் இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பின்சீட்டில் யார்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. 2005-ல் ஐதராபாத்தில் ஆரம்பிக்கப்பட்ட இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் அரசுடன் ஒப்பந்தம் போட்டு இந்த வேலையில் இறங்கியது. வண்டிகளின் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி 1,300-ஐத் தாண்டியது.

ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுபவருக்கு 'பைலட்' என்று பெயர். மருத்துவ உதவியாளருக்கு 'இ.எம்.டி.' என்று பெயர். ஷிப்டு 12 மணி நேரம்.

இ.எம்.டி. வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு அவ்வப்போது பத்திரிகைகளில் வரும். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி. படித்தவர்கள் வரலாம். விலங்கியல், தாவரவியல், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. முடித்தவர்களும் வரலாம். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, நேர்காணல் உண்டு. தேர்வானவர்களுக்கு வகுப்பறையிலும், ஆஸ்பத்திரியிலும், வண்டியிலுமாக 50 நாள் பயிற்சி. அது முடிந்ததும் டூட்டி.

இதில் நர்சு படிப்பு முடித்தவருக்கு நர்சிங் கவுன்சிலில் பதிவு நம்பர் இருக்கும். அதுகூட நர்சு என்ற முறையில் கிடைத்த நம்பர். விலங்கியல் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த நம்பரும் கிடையாது. ஆனால் வண்டியில் இரண்டு பேரும் பார்ப்பது ஒரே வேலைதான்.

அந்த வேலை லேசுப்பட்டது அல்ல. மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்த வேண்டும். ஆக்சிஜன் வைக்க வேண்டும். ரத்தத்தை நிறுத்த வேண்டும். முறிந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்ட வேண்டும். டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். வழியிலேயே வலி அதிகமானால் பிரசவமும் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டர் போனில் வழி சொல்வார். கை வைப்பது என்னவோ இவர்தான். "டாக்டர் யாராவது வந்திருக்காங்களா?" என்று வீட்டார் கேட்டால், "நான் பார்த்துக்கறேன் அம்மா, பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டியவரும் இவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

டாக்டர்களுக்கு மெடிக்கல் கவுன்சில் உண்டு. நர்சுகளுக்கும் மருந்தாளுநர்களுக்கும் தனித்தனிக் கவுன்சில் உண்டு. எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தம் சோதிப்பவர், டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்பவர், ஆம்புலன்சில் வருபவர் ஆகியோருக்கு நாடு முழுவதற்குமான ஒரு சட்டம் நெடுங்காலம் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 'தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம்'. 2021 மார்ச் மாதம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மே 25-ந் தேதி அமலுக்கு வந்தது. தொழில்களை 10 வகையாகப் பிரித்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். விபத்து, தீக்காயம், ஆபரேஷன் தியேட்டர் தொடர்பான வகையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பரின் பெயரும் இருக்கிறது.

பட்டியலில் உள்ள தொழிலைச் செய்ய வேண்டுமானால் மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் ஏறியிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்வது தண்டனைக்கு உரிய குற்றம். பதிவுக்குப் படிப்பு வேண்டும். டிப்ளமோ அளவில் வருபவர் 2 வருஷத்துக்குக் குறையாமல் 2,000 மணி நேரமாவது படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்பு அளவில் என்றால் 3 வருஷத்துக்குக் குறையாமல் 3,600 மணி நேரம்.

ஏற்கனவே தொழிலில் இருப்பவர்களைச் சட்டம் அடியோடு தள்ளிவிடவில்லை. அவர்களையும் பதிவில் சேர்க்க இடம் வைத்திருக்கிறது. எப்படிச் சேர்ப்பது, என்ன நிபந்தனை என்பதை விதிகள் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். முழு விஷயமும் அந்த விதியில்தான் தொங்குகிறது.

கோர்ட்டு வரை போன தாமதம்

அமலுக்கு வந்த 6 மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி 2021 நவம்பரோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

மருத்துவத் தொழில்நுட்பர்களின் கூட்டமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024 ஆகஸ்டு 12-ந் தேதி அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்சு முன்பு வழக்கு வந்தது. 14 மாநிலங்களில் மட்டுமே கவுன்சில் அமைக்கப்பட்டிருக்கிறது, அவையும் செயல்படவில்லை என்ற நிலை அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. 2 மாதத்துக்குள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்குக் கோர்ட்டு கெடு விதித்தது. சட்டம் அமலுக்கு வந்து 3 வருஷம் கழித்து இந்த உத்தரவு!

இத்தனைக்கும் இது யாருக்கும் தெரியாத பிரச்சினை அல்ல. விபத்தில் சிக்கியவருக்கு எந்த டாக்டரும் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. அவசரச் சிகிச்சைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2006-ல் சட்டக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு வழி பிறந்தது. வாசலுக்கு வந்து சேரும் வரை நோயாளி யார் கையில் இருக்கிறார் என்பதுதான் கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

கணக்கு போட்டால்...

50 நாள் பயிற்சி. நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 400 மணி நேரம்தான் வருகிறது. சட்டம் கேட்பது 2,000. ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்.

இதை மட்டும் பார்த்தால், "இவ்வளவு குறைந்த பயிற்சி உள்ளவர் எப்படி உயிரைக் காப்பாற்றுவார்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது.

ஒரு ஷிப்டு 12 மணி நேரம். மாதம் 25 நாள் டூட்டி பார்த்தால் 300 மணி நேரம். வருஷத்துக்கு 3,600 மணி நேரம். பட்டப்படிப்புக்குச் சட்டம் கேட்கும் அதே 3,600! 10 வருஷம் வண்டியில் ஓடியவர் 36,000 மணி நேரம் ஓடியிருக்கிறார். பாம்புக்கடியும் பார்த்திருப்பார், தீக்குளிப்பும் பார்த்திருப்பார், லாரிக்கு அடியில் சிக்கியவரையும் இழுத்து எடுத்திருப்பார். அவரைப் பார்த்து, "உன்னிடம் டிப்ளமோ இல்லை" என்று சொல்வது நியாயமா?

ஊழியர் பக்கம் இது வலுவான வாதம். ஆனால் நோயாளி பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. டூட்டி நேரம் முழுவதும் படித்த நேரம் ஆகாது. அழைப்புக்காகக் காத்திருந்த நேரமும் அதில் அடக்கம். ஒரு தவறான பழக்கம் முதல் மாதத்தில் ஒட்டிக்கொண்டால், திருத்த ஆள் இல்லாவிட்டால், 10 வருஷம் கழித்தும் அந்தத் தவறு கூடவே வரும். பரீட்சை வைத்துப் பார்க்காமல் அனுபவத்தை எப்படி அளப்பது?

சர்வீசை மதிக்கவும் வேண்டும், சோதித்துப் பார்க்கவும் வேண்டும். தற்காலிகப் பதிவு என்ற ஏற்பாட்டுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

படித்தவர்களுக்கும் திண்டாட்டம்

இன்னொரு கூட்டமும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று பி.எஸ்சி. பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன்' என்று ஒரு வருஷச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது.

பட்டப்படிப்பு முடித்தவருக்கு, "50 நாள் பயிற்சி எடுத்தவருக்கும் எனக்கும் ஒரே மதிப்பா?" என்ற வருத்தம். ஒரு வருஷச் சான்றிதழ் வாங்கியவருக்கு, "சட்டம் 2 வருஷம் கேட்கிறதே, என் சான்றிதழ் செல்லுமா?" என்ற கவலை. வெளிநாடு போக நினைப்பவருக்கும் தொல்லைதான். துபாயில் ஆம்புலன்சு வேலைக்கு அங்குள்ள லைசென்ஸ் இல்லாமல் முடியாது. சொந்த ஊரில் பதிவு இல்லாதவர் அங்கே போய் எதைக் காட்டுவார்?

எல்.எல்.ஆர். சொல்லும் பாடம்

தற்காலிக அனுமதி என்பது நமக்குப் புதிது அல்ல. கார் ஓட்டப் பழகுபவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எல்.எல்.ஆர். கொடுக்கிறார்கள். அதில் எல்லாமே தெளிவு. ஆறே மாதம்தான் செல்லும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியில் சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு மாட்ட வேண்டும். கடைசியில் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும்.

டாக்டர் படிப்பிலும் இதே முறைதான். எம்.பி.பி.எஸ். தேறியவர் உடனே முழு டாக்டர் ஆகிவிடுவதில்லை. மெடிக்கல் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கிக்கொண்டு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். பெரிய டாக்டர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். அந்த ஒரு வருஷத்தை முடித்தால்தான் நிரந்தரப் பதிவு.

ஆக, தற்காலிகம் என்றால் அதற்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும், மேலே பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கடைசியில் ஒரு சோதனை வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது தற்காலிகம் அல்ல, தள்ளிப்போடுவது.

கொரோனா காட்டிய வழி

2020-ல் கொரோனா வந்தபோது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் தலைதூக்கியது.

அமெரிக்காவில் ஆம்புலன்சு ஊழியர்களுக்குத் தேசியப் பதிவேடு ஒன்று உண்டு. அப்போது பதிவுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு, செய்து காட்டும் தேர்வு ஒன்று என இரண்டு தேர்வு இருந்தது. ஊரடங்கில் செய்முறைத் தேர்வை நடத்த முடியவில்லை. ஆள் தேவையோ தலைக்கு மேல் இருந்தது. முதல் தேர்வில் தேறியவர்களுக்குத் தற்காலிகச் சான்று கொடுத்தார்கள். செய்முறையை முடித்த பிறகுதான் முழுச் சான்று என்று நிபந்தனையும் போட்டார்கள். அங்கே முழுச் சான்று பெற்றவரும் 2 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பதிவு இல்லாதவர் தன்னைப் 'பாராமெடிக்' என்று சொல்லிக்கொள்வதே சட்ட விரோதம். அங்கேயும் 2020 மார்ச்சில் தற்காலிகப் பதிவேடு திறந்தார்கள். கடந்த 3 வருஷத்துக்குள் பதிவை விட்டவர்களையும், கடைசி வருஷ மாணவர்களில் ஆஸ்பத்திரிப் பயிற்சியை எல்லாம் முடித்துவிட்டவர்களையும் மட்டுமே அதில் சேர்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் சேர்த்துவிடவில்லை.

இந்தியாவில் என்ன நடந்தது? 2021 ஜூன் 18-ந் தேதி பிரதமர் மோடி கொரோனா முன்களப் பணியாளர்களுக்கான அவசரப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். செலவு 276 கோடி ரூபாய். 26 மாநிலங்களில் 111 மையங்கள். ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு. 6 வகை வேலைகளில் அவசரச் சிகிச்சை உதவியும் ஒன்று. இரண்டு மூன்று மாதத்தில் ஆள் தயார் என்றார்கள்.

அந்த நேரத்துக்கு அது தேவைதான். ஆனால் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பதிவேடு முன்பே இருந்தது. அவசரத்துக்கு அதன் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்கள். இங்கே பயிற்சியைக் கொடுத்தார்கள். பெயரை ஏற்றப் பதிவேடு தயாராக இல்லை.

படுக்கைக்குப் பணம் உண்டு

தமிழ்நாட்டில் 2023-ல் மட்டும் ரோடு விபத்தில் செத்தவர்கள் 18,000 பேருக்கு மேல். விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

சிகிச்சைச் செலவுக்குத் திட்டங்கள் இருக்கின்றன. 2021 டிசம்பரில் மாநில அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசின் திட்டம் வந்தது. 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கையில் காசு இல்லாமல் சிகிச்சை பெறலாம்.

இரண்டும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்ந்த பிறகு உதவும். கத்திப்பாராவில் அடிபட்டவர் சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வரையில் அந்தப் பொன்னான நேரத்தில் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே கரைந்துவிடும். அந்த நேரத்தின் காவலாளி இ.எம்.டி.தான்.

தனியார் வண்டிகள்

108-ல் 50 நாள் பயிற்சியாவது இருக்கிறது. தனியார் ஆம்புலன்சு பலவற்றில் டிரைவரும் ஸ்டிரெச்சரும் மட்டும்தான். அவசரத்தில் தவிக்கும் குடும்பத்தார் வாடகை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். "பின்னாடி யார் உட்காருவாங்க, அவர் என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்க அப்போது யாருக்குத் தோன்றும்?

ஆம்புலன்சு வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மத்திய அரசின் தரவிதி இருக்கிறது. நோயாளியை வெறுமனே ஏற்றிச் செல்லும் வண்டி, உயிர்காக்கும் கருவிகள் உள்ள வண்டி என்று வகை பிரித்திருக்கிறார்கள். வண்டிக்கு வகை இருக்கிறது; உள்ளே இருக்கும் ஆளுக்கும் வகை வேண்டும். 108 ஊழியரை மட்டும் பரீட்சைக்கு உட்கார வைத்துவிட்டுத் தனியார் வண்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டால், சட்டத்தால் பயனில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தற்காலிகப் பதிவு நம்பர் கொடுத்து, அதில் முடிவுத் தேதியும் போட வேண்டும். தேதி வந்ததும் நீட்டிப்பு, மறுபடி நீட்டிப்பு என்று இழுக்கக்கூடாது.

இரண்டாவது, சர்வீஸ் வருஷத்துக்கு மதிப்பு கொடுத்து, மீதிக்கு மட்டும் இணைப்புப் படிப்பு வைக்க வேண்டும். 12 மணி நேர ஷிப்டு பார்ப்பவர் எந்த நேரத்தில் வகுப்புக்குப் போவார்? படிக்கும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருந்தால்தான் இது நடக்கும். பீசும் அவர் தலையில் விழக்கூடாது.

மூன்றாவது, தற்காலிகப் பதிவில் இருப்பவர் எதைத் தனியாகச் செய்யலாம், எதை டாக்டரிடம் போனில் கேட்டுத்தான் செய்யலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது கேஸ் என்று வந்தால் நோயாளிக்கும் பாதுகாப்பு, ஊழியருக்கும் பாதுகாப்பு.

நான்காவது, கடைசிச் சோதனை செய்முறையாக இருக்க வேண்டும். நெஞ்சை எப்படி அழுத்துகிறார் என்பதைப் பேப்பரில் எழுதிக் காட்ட முடியாது.

ஐந்தாவது, பதிவு நம்பர் சட்டைப் பையில் பெயரோடு சேர்த்துத் தெரிய வேண்டும். அரசு வண்டியானாலும் தனியார் வண்டியானாலும் இது ஒன்றே விதி.

இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. 2021-ம் வருஷச் சட்டமே போதும். விதிகளும், அவற்றை நடத்த ஒரு கவுன்சிலும், நடத்தும் மனசும்தான் வேண்டும்.

போன் வந்த எத்தனை நிமிஷத்தில் ஆம்புலன்சு போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு கேசுக்கும் கணக்கு எழுதுகிறார்கள். தாமதமானால் ஊழியரிடம் விளக்கம் கேட்கிறார்கள். அந்த ஊழியருக்குச் சட்டப்படி சேர வேண்டிய பதிவு போய்ச் சேர எவ்வளவு காலம் ஆனது என்றும் ஒரு கணக்கு எழுதட்டும். 2021 மே 25-ந் தேதியில் இருந்து எண்ண ஆரம்பிக்கலாம்.